நிசீதிகை உணர்த்தும் நெறி



தீபாவளித் திருநாளின் விடியற்போதில் நாம் ஜினாலயத்தில் கூடி, பகவான் வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நன்னாளைக் கொண்டாடுகிறோம். கி.மு. 527ஆம் ஆண்டில் பாவாபுரியில் நிகழ்ந்தது அந்தப் பரிநிர்வாணம் என்பது நம் மரபு. அவ்வூரைப் பற்றிச் செவிவழியாக வரும் செய்தி ஒன்று உண்டு. பெருமானின் திருமேனி தீயில் ஒடுங்கிய இடத்திலிருந்து மக்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்துச் சென்றனராம். சாம்பல் தீர்ந்தபின் வந்தவர்கள் அவ்விடத்து மண்ணை எடுத்தனர். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் மண்ணையே எடுத்தனர். எடுக்க எடுக்கப் பள்ளம் பெருகி, நீர் நிறைந்து, ஏரியாயிற்று என்பர். இன்று தாமரை பூத்த அந்த நீர்நிலையின் நடுவே வெண்மையான ஜலமந்திர் நிற்கிறது. அதனுள் வழிபடப்படுவன பெருமானின் திருவடிச் சுவடுகள்.

இந்தச் செய்தி வரலாறா, பக்தியின் கற்பனையா என்று ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. அதில் பொதிந்துள்ள கருத்தையே சிந்திக்க விழைகிறோம். உலகத்தார் நினைவுச் சின்னம் எழுப்பும்போது கல்லின்மேல் கல்லை அடுக்குகிறார்கள். பாவாபுரியிலோ மக்கள் எடுத்துச் சென்றதனால் நினைவிடம் உண்டாயிற்று. அங்கே முதலில் தோன்றியது ஒரு வெற்றிடம். கோயில் பின்னர் வந்தது.

பிரிந்தவருக்காகக் கட்டடம் எழுப்புவது மனித இயல்பு. 1631ஆம் ஆண்டில் மும்தாஜ் மறைந்தாள். ஷாஜகான் யமுனைக் கரையில் தாஜ்மகாலை எழுப்பினான். அதைக் கண்டு கண்கலங்காதவர் சிலரே. நம் புராணங்களும் இத்தகைய செய்தியைக் கூறாமல் இல்லை. ஆதிபகவன் விருஷப தேவர் கயிலை மலையில் முக்தி எய்தினார். அவருடைய மைந்தனாகிய பரத சக்கரவர்த்தி அம்மலையில் ஜினாலயங்களை எழுப்பினான் என்பது மரபு. ஆயினும் இங்கு ஒரு வினா எழுகிறது. உடல் வேறு, உயிர் வேறு என்று கற்றவர்கள் நாம். மனைவி, மக்கள், செல்வம், இவ்வுடல் எதுவும் நமதன்று என்பதை அன்னியத்துவ பாவனையில் நாள்தோறும் ஓதுகிறோம். அங்ஙனமாயின் பிரிந்தவருக்கு நினைவிடம் எழுப்ப நமக்கு என்ன இடம் உண்டு? எழுப்பினால் அது எத்தகையதாக இருத்தல் வேண்டும்?

இந்த வினாவுக்கு நம் முன்னோர் நூலில் மட்டுமன்றிக் கல்லிலும் விடை எழுதி வைத்துள்ளனர். அவ்விடையின் பெயர் நிசீதிகை.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று என்னும் பாறைக் குன்று உள்ளது. அங்கே ஒரு பெரும் பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றிலேயே மிகப் பழமையான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள்கள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்பதே அதன் செய்தி. மற்றொரு கல்வெட்டு, இளையபட்டாரர் 30 நாள்கள் நோன்பிருந்ததைக் குறிக்கிறது. தமிழ் எழுத்து, வட்டெழுத்தாக உருமாறி வந்த காலத்தில் பொறிக்கப்பட்டது முதற்கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டில் இல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். ஆசிரியரின் பெற்றோர் யார்? கூறப்படவில்லை. எந்தக் குலம், எந்த ஊர், எத்தனை மாணவர், எத்தனை நூல்கள்? ஒன்றும் இல்லை. புகழ்மொழி ஒன்றேனும் இல்லை. அழுகுரலும் இல்லை. பெயர், நாளெண்ணிக்கை, நிசீதிகை என்னும் சொல் ஆகிய இவை மட்டுமே உள்ளன. அந்த 57 நாள்களும் ஆசிரியரின் அருகிலிருந்து பணிவிடை செய்த மாணாக்கர் சிலரேனும் இருந்திருப்பர். ஒவ்வொரு நாளும் அவர் மெலிந்து வருவதைக் கண்டிருப்பர். அவர்கள் நெஞ்சில் துயர் இல்லாமலா இருந்திருக்கும்? ஆயினும் அத்துயரைக் கல்லில் ஏற்ற அவர்கள் விரும்பவில்லை. தாங்கள் இழந்ததை எழுதாமல், ஆசிரியர் துறந்ததை எழுதினர். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள்.

சல்லேகனை என்பது துயரத்தாலோ வெறுப்பாலோ உயிரை மாய்த்துக்கொள்வது அன்று என்பதையும் ஈண்டு நினைவூட்டுகிறோம். வாழ்நாள் முழுதும் விரதம் காத்த ஒருவர், உடல் இனி அறத்துக்குத் துணையாகாது என்ற நிலையில், குருவின் அனுமதியோடு, கஷாயங்களை மெலிவித்து மேற்கொள்ளும் இறுதி விரதம் அது. கலங்கிய உள்ளத்தோடு சாவை நாடுவதை நம் ஆகமங்கள் ஒருபோதும் ஒப்பவில்லை. அமைதியோடு நிறைவெய்திய விரதத்துக்கே நிசீதிகை எழுப்பப்பட்டது.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலுக்குச் சென்றவர்கள் ஏழடிப்பட்டத்தைக் கண்டிருப்பீர்கள். மலைச்சரிவில் வெட்டிய படிகளின் வழியே ஏறி இறங்கினால், இயற்கையான குகையில் பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் தலையணைபோல் சற்றே உயர்த்தி, பளபளப்பாக இழைத்திருக்கிறார்கள். அவற்றுள் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. எருமை நாட்டுக் குமிழூரிற் பிறந்த துறவி ஒருவருக்காக இளையர் என்பார் செய்தளித்த இருக்கை அது என்று அறிஞர்கள் படித்துள்ளனர். எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி. தொலைநாட்டிலிருந்து நடந்து வந்த ஒருவருக்கு இவ்வூரார் அளித்தது ஆறடிக் கல். அவர் அதில் அமர்ந்தார், கிடந்தார், சென்றுவிட்டார். ஈராயிரம் ஆண்டுகளாகப் படுக்கை அங்கேயே இருக்கிறது. படுத்தவர் இல்லை.

அங்கே சென்று நிற்கும்போது நம் உள்ளம் ஏன் உருகுகிறது? சிற்பம் இல்லை, தூண் இல்லை, விமானம் இல்லை. ஒருவர் கிடந்த அளவுக்கு ஓர் இடம் மட்டுமே உள்ளது. வெறுமையே அங்கு நம்மோடு பேசுகிறது.

இந்த வெறுமையைத் திருவுருவமாகவே அமைத்த பெருமையும் நம் மரபுக்கு உண்டு. ஜினாலயங்களில் சித்தபகவானின் பிரதிமையைக் கண்டிருப்பீர்கள். உலோகத் தகட்டில் மனித உருவின் எல்லையை வரைந்து, உட்பகுதியை வெட்டி நீக்கிவிடுவர். எஞ்சி நிற்பது சட்டம் மட்டுமே. உருவம் இருக்க வேண்டிய இடத்தில் வெளி இருக்கிறது. அதனூடே பின்புறத்துச் சுவர் தெரிகிறது. எட்டு வினைகளையும் அறுத்து, உடலை நீத்து, உலகின் உச்சியில் உறையும் சித்தருக்கு இதனினும் பொருத்தமான திருவுருவை எவ்வாறு அமைப்பது? முக்தியடைந்த உயிர், இறுதி உடலின் வடிவினின்றும் சிறிதே குறைந்த வடிவில் நிற்கும் என்று நூல்கள் கூறும். அக்கோட்பாட்டை நம் கன்னார் ஒரு தகட்டில் காட்டிவிட்டனர். திருவடிச் சுவடுகளும் இத்தகையனவே. பாதம் இருந்தது, இப்போது இல்லை, சென்ற திசை இது என்று மட்டுமே சுவடு சொல்லும்.

இனி, காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துக்கு வருவோம். அங்கு வர்த்தமானர் கோயிலின் முன் அழகுமிக்க சங்கீத மண்டபம் உள்ளது. விஜயநகர அரசின் அமைச்சராகிய இருகப்பர், தம் குருவாகிய புஷ்பசேனர் பணித்தபடி 1387ஆம் ஆண்டளவில் அதை எழுப்பினார். அமைச்சரிடம் பொருள் இருந்தது, ஆள் இருந்தது, அதிகாரம் இருந்தது. குருவின் நினைவுக்காக வானளாவிய மாளிகையே அவரால் எழுப்பியிருக்க முடியும். ஆனால் அருணகிரிமேட்டுக்குச் சென்று பாருங்கள். மல்லிசேனர், புஷ்பசேனர் முதலிய முனிவர்களின் நினைவாக அங்கிருப்பவை பலிபீட வடிவிலான எளிய பீடங்களே. குரு தம் மாணவரைக் கொண்டு அருகப் பெருமானுக்கு மண்டபம் எழுப்புவித்தார். அந்த முனிவர் மரபுக்கு எஞ்சியதோ வெயிலில் நிற்கும் கல்.

சிரவணபெளகொளத்துச் சந்திரகிரியிலும் இதே நெறியைக் காண்கிறோம். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவராகிய கங்கராஜர் 12ஆம் நூற்றாண்டில் தம் தாய் போசிகப்பையாருக்காக அங்கே ஒரு பசதியை எழுப்பினார். போதிய வெளிச்சம் புகாமையால் அதனைக் கத்தலெ பசதி, அதாவது இருட்கோயில் என்று அழைக்கின்றனர். அதன் கருவறையில் இருப்பவர் தாயார் அல்லர், ஆதிநாதப் பெருமான். பின்னர்த் தாயும் மனைவியும் மறைந்தபோது கங்கராஜர் அவர்களுக்கு நிசீதிகைக் கற்களை நாட்டினார். பல போர்களில் வென்ற அவ்வீரரும் தம் இல்லத்துப் பிரிவை வெல்ல இயலவில்லை. ஆயினும் அன்பின் பெயரால் எழுந்த அக்கோயிலில் தொழப்படுபவர் பற்றற்றவரே.

அன்பர்களே! இவற்றாலெல்லாம் நாம் அறிவது யாது? தியானம் நான்கு வகைப்படும் என்று நூல்கள் கூறும்: ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம். விரும்பிய ஒன்றைப் பிரிந்து அதனையே நினைந்து நினைந்து வருந்துவது இஷ்ட வியோகம் என்னும் ஆர்த்த தியானம். அது வினையைக் கட்டும். ஆனால் அதே நினைவை நிலையாமையின்பால் திருப்பினால், பிரிந்தவர் காத்த விரதத்தின்பால் திருப்பினால், அது தர்ம தியானமாகிவிடும். நினைவு ஒன்றுதான், முகம் வேறு. ஆர்த்தத்தில் தொடங்கிய நெஞ்சைத் தர்மத்தில் கொண்டுசேர்க்கும் படிக்கட்டாகவே நம் முன்னோர் நிசீதிகையை அமைத்தனர்.

அழுவதே பாவம் என்று நாம் கூறவில்லை. கௌதம கணதரரின் செய்தி உங்களுக்குத் தெரியும். பகவான் பரிநிர்வாணம் எய்திய நாளிலேயே அவர் கேவல ஞானம் பெற்றார். பெருமான்மேல் கொண்டிருந்த அன்பே அவருக்குத் தடையாக நின்றது என்றும், பிரிவுச் செய்தி கேட்டு அவர் அழுதார் என்றும், அழுகையின் முடிவில் தெளிவு பிறந்தது என்றும் சுவேதாம்பர மரபினர் விரித்துரைப்பர். கணதரருக்கே அத்தகைய நிலையாயின் இல்லறத்தார் எம்மாத்திரம்? கண்ணீர் வரட்டும். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் விழிப்பு வேண்டும்.

இதனை நாம் உணர்ந்துகொண்டது நூலினால் மட்டுமன்று. சில ஆண்டுகளுக்கு முன் சிராவகர் ஒருவர் எம்மை நாடி வந்தார். அவருடைய மனைவியார் மறைந்து ஓராண்டு நிறைவெய்த இருந்தது. அவர்கள் ஊரை அடுத்த சிறு குன்றின்மீது முனிவர் ஒருவரின் பழைய திருவடிச் சுவடுகள் உள்ளன. “ஐயா, அந்தப் பாதத்துக்கு மேலே சலவைக்கல் மண்டபம் கட்டலாம் என்றிருக்கிறேன். தரை முழுவதும் சலவைக்கல் பதித்து, அவள் பெயரையும் படத்தையும் ஒரு தூணில் பொறிக்க வேண்டும். தாங்கள்தான் முன்னின்று நடத்தித் தரவேண்டும்” என்றார். எமக்கும் மகிழ்ச்சியே உண்டாயிற்று. பாழடைந்து கிடந்த இடத்துக்கு நற்காலம் பிறந்தது என்று எண்ணினோம். மண்டபம் எத்தனை அடி, தூண்கள் எத்தனை என்று எம் கைப்படவே குறித்தும் கொடுத்தோம்.

அளவெடுப்பதற்காக ஒருநாள் அவரோடு குன்றின்மேல் ஏறினோம். சுவடுகள் தேய்ந்து, விரல்களின் வரி தெரிந்தும் தெரியாமலும் இருந்தன. அவர் அருகில் அமர்ந்து, நெடுநேரம் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கூறினார்: “சதுர்த்தசிதோறும் இங்கே வருவாள், ஐயா. நீர் வார்த்துத் துடைப்பாள். அட்சதை வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு நாளும் உடன் வந்ததில்லை. கடையில் வேலை இருக்கிறது என்பேன்.” எமக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவரே மீண்டும் கேட்டார்: “இதன்மேல் சலவைக்கல்லைப் பதித்துவிட்டால், அவள் கைபட்ட இடம் எங்கே இருக்கும்?”

நாம் கொண்டுசென்ற அளவுநூலைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். மண்டபம் எழவில்லை. ஏறுவதற்குக் கடினமாயிருந்த வழியை அவர் செப்பனிட்டார். மழைநீர் சுவடுகளின்மேல் தேங்காதவாறு சற்றுத் தள்ளி வாய்க்கால் ஒன்று வெட்டுவித்தார். சதுர்த்தசி தோறும் கடையை அடைத்துவிட்டு இப்போது அவர் செல்கிறார். நீர் வார்க்கிறார், துடைக்கிறார், அமர்ந்திருக்கிறார். மனைவியாரின் பெயர் அங்கே எங்கும் இல்லை. அவர் காத்த விரதம் அங்கே இருக்கிறது. பிறருக்கு நெறி கூறும் நாம், அன்று அந்தச் சிராவகரிடம் பாடம் கேட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இதனைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பழைய இடங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆர்வம் இன்று நம்மிடையே பெருகியிருக்கிறது. அது போற்றத்தக்கதே. ஆனால் ஆர்வம் அறிவோடு கூட வேண்டும். கற்படுக்கைகளின்மேல் ஓடு பதிப்பதும், பாறைச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசுவதும், கல்வெட்டுள்ள கல்லைப் பெயர்த்துச் சுவரில் வைத்துக் கட்டுவதும் திருப்பணி ஆகா. முனிவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நம் பெயரால் நிரப்பும் செயல் அது. மற்றொருபுறம், குகைகளுக்கு வருவோர் படுக்கைகளில் தம் பெயர்களைக் கீறிச் செல்கின்றனர். பாறைகளை உடைக்கும் தொழில் குன்றுகளின் அடிவாரம்வரை வந்துவிட்ட இடங்களும் உண்டு. உடைந்த குன்றை மீண்டும் ஒட்டவைக்கும் கொத்தனார் எவரும் இல்லை.

மத்திய அரசின் தொல்பொருள் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 1958ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010இல் திருத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை புதுக்கட்டடம் கூடாது; அதற்கு அப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற வேண்டும். சட்டத்தின் காவல் எய்தாத சின்னங்களோ எத்தனையோ உள்ளன. அவை நம் ஊர்க்கோடியிலும் வயல்வரப்பிலும் புதர்களிலும் கிடக்கின்றன. அவற்றுக்குக் காவல் நாமே. அவ்வாறு ஏதேனும் கண்டால், இடம்பெயர்க்காமல், எழுத்துகளின்மேல் எண்ணெயோ சுண்ணாம்போ தடவாமல், படம் எடுத்து, தொல்லியல் துறையினருக்கும் ஊர்ப் பெரியோருக்கும் தெரிவியுங்கள்.

நம்மிடமிருந்து கைமாறிய இடங்களைக் குறித்தும் ஒரு சொல். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டில் நம் துறவியரும் குரத்தியரும் வாழ்ந்து அறம் வளர்த்தனர். பாறையில் தீர்த்தங்கரர்களும் பத்மாவதி தேவியும் இன்றும் விளங்குகின்றனர். பிற்காலத்தில் அக்கோயில் பகவதி வழிபாட்டுக்குரியதாயிற்று. இதனை நினைந்து சினங்கொள்வதில் பயன் யாது? சினமும் ஒரு கஷாயமே. இழந்தோம் என்று குமுறினால் அது ஆர்த்தம். பறித்தனர் என்று கனன்றால் அது ரௌத்திரம். யார் விளக்கு ஏற்றினாலும் அத்திருவுருவங்கள் காக்கப்பட்டு நிற்கின்றன என்று மகிழ்ந்து, அங்கே சென்று வணங்கி வருவதே நமக்குத் தக்கது.

ஜினாலயத்தின் வாயிலை மிதிக்கும்போது நாம் மும்முறை “நிஸ்ஸஹி” என்கிறோம். உலகியல் அலுவல்களை விலக்கிவிட்டு உட்புகுகிறேன் என்பது அதன் கருத்து. நிசீதிகை என்னும் சொல்லுக்கும் இதற்கும் உள்ள நெருக்கத்தை எண்ணி வியக்கிறோம். முனிவர் இறுதியில் ஒருமுறை செய்த துறவை, நாம் வாயிற்படியில் நாள்தோறும் சிறிதளவேனும் செய்து பழகுகிறோம். அவ்வாறாயின் நாம் நுழையும் ஒவ்வொரு வாயிலும் ஒரு நிசீதிகையே.

ஆகவே, வரும் சாதுர்மாஸ்யத்தில் ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் ஊருக்கு அருகிலுள்ள குகைப்பள்ளிக்கோ திருவடிச் சுவட்டுக்கோ ஒருமுறையேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். உண்பதற்காகவும் படம் பிடிப்பதற்காகவும் மட்டும் செல்லாமல், பன்னிரு பாவனைகளையும் அங்கே அமர்ந்து ஓதுங்கள். அண்மையில் உற்றாரை இழந்தவர்கள், அவர் கடைப்பிடித்த ஒரு விரதத்தை அவ்விடத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். இரவுண்ணாமையாகட்டும், ஒரு சதுர்த்தசி நோன்பாகட்டும், ஒரு பிடி அன்னதானமாகட்டும். அதுவே அவருக்கு நாம் எழுப்பும் நிசீதிகை. அதற்குக் கல் வேண்டா, பெயர் வேண்டா, வெயிலும் மழையும் அதனைத் தேய்ப்பதில்லை.

பாவாபுரியில் மண்ணெடுத்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை. சென்றவர் திரும்பாரென்ற தெளிவையும், சென்ற வழி திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையையும் அவர்கள் சுமந்து சென்றனர். அந்தத் தெளிவும் நம்பிக்கையும் உங்கள் அனைவருக்கும் உண்டாவனவாக.

வளர்க ஜின தருமம்! மலர்க அகிம்சை நெறி!